கெசட்டட் சைக்கிள்

நேசையன் இதுவரை நான்கு சைக்கிள்கள் கட்டியிருக்கிறார். ஒன்றிலும் ஏறியதில்லை. அவருக்குச் சைக்கிள் விடத் தெரியாது.

கட்டியதை ஊரே அறியும். விடத் தெரியாது என்பதை அறிந்தவள் மனைவி சரோஜம் ஒருத்திதான். சுகாதாரத் துறையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் உடம்பைப் பற்றித் தெரிந்ததை வெளியில் பேசாமல் இருந்து பழகியவள் என்பதால், இதையும் அந்தக் கணக்கில் வைத்திருந்தாள்.

நேசையன் பாறசாலைக்காரர். வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்து, ஃபைலில் ஆங்கிலம் எழுதி, திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்றார். கடைசி நாளில் சந்தனச் சீவல் மாலை போட்டார்கள். அது வாடாத மாலை. இன்றும் வரவேற்பறையில் அப்படியே தொங்குகிறது. வாடியது வேறொன்று. வட்டியூர்க்காவில் அவர் வீடிருக்கும் சரிவின் உச்சியிலுள்ள காய்கறிக்கடைக்காரன், அந்த வாரமே அவரை ‘சேட்டா’ என்று அண்ணனாக்கினான். வங்கியில் ‘அங்கிள்’ என்றார்கள். இருபது வருஷம் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்த பியூன் ஸ்டாச்சு ஜங்ஷனில் எதிர்ப்பட்டு, பெயரைச் சொல்லி நலம் விசாரித்துவிட்டுப் போனான். ‘சார்’ என்பது தன் உடம்பின் உறுப்பு என்று நேசையன் நம்பியிருந்தார். அது நாற்காலியின் உறுப்பு என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்.

அந்த நிலையில்தான் செல்போனில் அந்தப் படம் வந்தது. அமெரிக்கக் கடற்கரையில் ஒரு பழைய காலத்து க்ரூசர் சைக்கிள். பூசணிக்காய் போல டயர். மான் கொம்பு போல விரிந்த ஹேண்டில்பார். பெட்ரோலே இல்லாத வண்டிக்கு ஒரு பெட்ரோல் டாங்க். முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். கேரியர் இல்லை, அதில் யாரும் கோழித்தீவனம் கொண்டுபோகப் போவதில்லை. அவசரம் என்பதையே அறியாத, எங்கும் போய்ச் சேரவேண்டிய கட்டாயம் இல்லாத வண்டி. மற்ற சைக்கிள்களெல்லாம் எல்.டி. கிளார்க், இது கெசட்டட் ஆபீசர் என்று நேசையனுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது.

இதே படத்தைப் பார்த்து இதே மாதிரி மயங்கியவர்கள் நகரத்தில் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்கள் சேர்ந்து ‘திருவிதாங்கூர் க்ரூசர் சொசைட்டி’ என்று ஒன்று நடத்தினார்கள். தலைவர் கிரீஷ், ஆர்க்கிடெக்ட். செயலாளர் அனூப், பல் டாக்டர். திருவனந்தபுரம் ஒரே மேடும் பள்ளமுமான ஊர். கியர் இல்லாத, ஒரு குட்டி எருமையின் எடையுள்ள வண்டியை இங்கே மிதிப்பதென்றால் தொடையில் கர்நாடக பஸ்ஸின் எஞ்சின் வேண்டும். எனவே சொசைட்டியின் வழக்கம் இது: சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருவரும் தன் வண்டியைக் குட்டி டெம்போவில் ஏற்றி சங்குமுகத்துக்குக் கொண்டுவருவார்கள். கடலைப் பார்த்து வரிசையாக நிறுத்துவார்கள். படம் எடுப்பார்கள். ஹேண்டில் கோணத்தைப் பற்றி விவாதிப்பார்கள். பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி தின்பார்கள். பிறகு மறுபடி டெம்போ. மிதிப்பதற்கு மட்டும் எப்போதும் ஏதோ ஒரு தடை வந்துகொண்டே இருந்தது. காற்று சரியில்லை, வெளிச்சம் போய்விட்டது, டயரில் உப்பு படக்கூடாது. நேசையனுக்கு இந்த ஏற்பாடு எல்லாவிதத்திலும் பிடித்திருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பரம்பரைக் கதை வேண்டும். கிரீஷின் வண்டி, இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த பெரியப்பாவின் நினைவாக. நேசையன், தன் தாத்தா மிஷன் உபதேசியார் என்றும், வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் சைக்கிளை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார் என்றும் சொன்னார். தாத்தா பனை ஏறியவர். அவர் வாழ்நாளில் ஏறிய வாகனம் பனைமரம் ஒன்றுதான். இருந்தாலும் கதை நன்றாக எடுபட்டது. அன்றைக்கே எல்லாரும் ‘நேசையன் சாரே’ என்று அழைக்க ஆரம்பித்தார்கள். ஆர்க்கிடெக்டும் பல் டாக்டரும் வாய் நிறைய ‘சாரே’ என்றபோது, அவருக்கு நீண்ட நாள் விக்கல் நின்றதுபோல இருந்தது. அதன் பிறகு சனிக்கிழமைக்காகவே வாரத்தின் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டார். சரோஜத்துக்கு இது தெரியும். வாரத்தில் ஒருநாள் மட்டும் மனுஷன் சோறு முழுக்க உண்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுவது என்றால் நேசையன் படம் வரைவார். கட்டுகிறவன் பால்பாண்டி. கிள்ளிப்பாலத்தில் கிரில் பட்டறை வைத்திருப்பவன். ஜன்னல் கம்பி, இரும்பு கேட், மொட்டைமாடி ஏணி. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து வருஷங்கள் ஆயிற்று. குழாயை வளைப்பதில் அவனுக்குத் தயக்கமே கிடையாது. சைக்கிள் ஃபிரேமின் மூலைகளிலும் கேட்டில் வைப்பதுபோல ஒரு சுருள் பூ வைத்துவிடுவான். நேசையன் போய் நின்று ஒவ்வொன்றாக அறுக்கச் சொல்வார். அவனிடம் ஒரு பழக்கம். யாரைப் பார்த்தாலும் ‘சார்’ என்பான். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவன் சார். லாரி கிளீனர் சார். பட்டறைக்குள் நுழைந்த பசுவைக்கூட “போ சார், போ சார்” என்றுதான் விரட்டுவான். ஆகவே அவன் சொல்லும் சாரை நேசையன் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான்காவது வண்டி உண்மையிலேயே அழகாக அமைந்துவிட்டது. அடர்சிவப்பும் பாலாடை நிறமும். டாங்கின் இருபுறமும் தங்க எழுத்தில் பெயர்: ‘டச்சஸ் ஆஃப் பாறசாலா’. பெயர்ப்பலகை எழுதும் ஆளைத் தக்கலையிலிருந்து கூட்டிவந்து, கார் ஷெட்டில் உட்காரவைத்து, கூட நின்று எழுதவைத்தார். கார் அன்றிலிருந்து தெருவில் நனைகிறது. சங்குமுகத்தில் டச்சஸை இறக்கியபோது, பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அனூப் கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொட்டார்.

அந்த மயக்கத்தில்தான் கிரீஷ் அதை அறிவித்தார். ஓணம் வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை, கவடியாரிலிருந்து வெள்ளயம்பலம் வரை சொசைட்டியின் ‘ஹெரிடேஜ் ரைடு’. சேனல்காரர்கள் வருகிறார்கள். முன்னால் போகவேண்டிய வண்டி டச்சஸ். முன்னால் போகவேண்டிய ஆள், சந்தேகமென்ன, நேசையன் சார். எல்லாரும் கை தட்டினார்கள். நேசையனும் தட்டினார்.

வீட்டுக்கு வந்து அவர் சோறு உண்ணவில்லை. சரோஜம் கேட்கவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டே, நாளைக் காலையில் பள்ளிக்கூட கிரவுண்டில் ஆள் இருக்காது, நான் பிடித்துக்கொள்கிறேன் என்றாள்.

அப்படி ஆரம்பித்தது. விடிவதற்குள் இருவரும் சரிவு வழியாக டச்சஸைத் தள்ளிக்கொண்டு போவார்கள். பார்க்கிறவர்களுக்கு, யாரோ ஒரு கன்றுக்குட்டியை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போவதுபோல் இருக்கும். கிரவுண்டில் நேசையன் தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறுவார். கேரியர் இல்லாததால் சரோஜம் சீட்டின் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொள்வாள்.

“நீங்க சவிட்டுங்க. நான் விடமாட்டேன்.”

அவர் மிதித்ததும் வண்டி ஒரு முழம் நேராகப் போகும். பிறகு இடப்பக்கமாகச் சரியும். அவரும் சரிவார். ஒரு நாள் புல், ஒரு நாள் கோல்போஸ்ட், ஒரு நாள் மாட்டுச் சாணம். எல்லாம் இடப்பக்கத்தில்தான். கீழே பார்க்காமல் முன்னால் பார்க்கச் சொன்னாள். பார்த்துக்கொண்டே விழுந்தார். விழும்போதெல்லாம் முதலில் டாங்கில் கீறல் விழுந்ததா என்று பார்ப்பார். பிறகுதான் முட்டியைப் பார்ப்பார். ரைடுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: தன் காதுக்குள் உடம்பைச் சமன் செய்யும் ஏதோ ஒன்று பிறவியிலேயே இல்லை. இதை அவர் ஆங்கிலத்தில் விளக்கினார்.

சரோஜம் முந்தானையை இடுப்பில் செருகினாள். “இறங்குங்க. நான் ஒண்ணு பாக்கட்டு.”

பூவாறில் வேலை பார்த்த காலத்தில் அவள் கடலோரக் குடிசைகளுக்குத் தடுப்பூசிப் பெட்டியோடு சைக்கிளில் போனவள். மணலிலும் விட்டிருக்கிறாள். கல்யாணமான பிறகு யாரும் கேட்காததால் அதைச் சொன்னதில்லை. இப்போது ஏறி மிதித்தாள். வண்டி ஒரு முழம் நேராகப் போய் இடப்பக்கம் இழுத்தது. அவள் உடம்பை வலப்பக்கம் சாய்த்து, காற்றில் போகும் குடை போல, ஒரு வளைவாகப் போய் வேலியோரம் காலூன்றி நின்றாள். இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“உங்களுக்கு ஒரு கொழப்பமும் இல்ல, கேட்டியளா. வண்டிக்காக்கும் கொழப்பம். இது இடத்தோட்டு இழுக்குது.”

வேறொரு மனிதனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். நேசையனின் முகம் அதற்கு முன் எப்போதும் போகாத நிறத்துக்குப் போயிற்று. சைக்கிள் விடத் தெரியாத மனிதன் என்பது ஒரு ரகசியம். இவ்வளவு நாள் காப்பாற்றியாயிற்று. சைக்கிள் கட்டத் தெரியாத மனிதன் என்றால் அந்தச் ‘சாரே’க்கு அடியில் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்து நூல் எடுத்தார். பின்சக்கர அச்சின் ஒரு பக்கம் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கம் கட்டினால், சீட் குழாய் இரண்டு நூலுக்கும் சரிநடுவில் இருக்கவேண்டும். இதைப் பற்றி அவர் சொசைட்டியில் ‘ஜியோமெட்ரி’ என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். தன் வண்டிகளில் மட்டும் செய்து பார்த்ததில்லை. நூல் பெயிண்டை உரசிவிடும் என்ற பயம். இப்போது பார்த்தார். ஒரு பக்கம் நூல் குழாயை ஒட்டிக்கொண்டது. மறுபக்கம் கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது.

டெம்போ வைத்துக் கிள்ளிப்பாலம் போனார். பால்பாண்டி ஒரு கண்ணை மூடிப் பின்னாலிருந்து பார்த்தான். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தான். கோணல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டான். அதில் அவனுக்கு வெட்கம் ஏதும் இல்லை.

“சார், நேரா போகணும்னு நீங்க சொல்லவே இல்லியே. நான் அடிச்ச கேட்டு எதுவும் எங்கயும் போறதில்ல சார். தொறந்து மூடுனா போதும்.”

சரிசெய்ய முடியுமா என்று நேசையன் கேட்டார். அது ஒரு பிரச்சினையே இல்லை என்றான் பால்பாண்டி. கேஸ் வைத்துச் சூடாக்கி, ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினால் அரைமணி நேர வேலை. பெயிண்ட் மட்டும் போய்விடும். டாங்க் பக்கத்து வெல்டிங்கில்தான் சூடு வைக்கவேண்டும்; எழுத்தும் போகும். தக்கலை ஆள் ஓண வேலையில் இருந்தான். இனி அடுத்த மாதம்தான் வருவான்.

நேசையன் டச்சஸைப் பார்த்தார். தங்க எழுத்தில் பட்டறையின் வெயில் விழுந்து மின்னியது. நேராகப் போகும் பெயிண்ட் இல்லாத வண்டியா, கோணலாகப் போகும் டச்சஸா? முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மூளை ஒரு நிமிஷத்தில் குறிப்பெழுதி முடித்தது: வண்டி ஓடினால்தானே கோணல் தெரியும்? ஓடாத வண்டியில் தெரிவது பெயிண்ட்தான். அவர் சூடு வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, திரும்பும் வழியில் மருந்துக்கடையில் இறங்கி ஒரு முழங்கால் பட்டை வாங்கினார். உள்ளதிலேயே பெரியது, தொடைவரை வரும், பக்கத்தில் கம்பி வைத்தது.

திட்டம் இதுதான்: டாக்டர் மூன்று மாதம் மிதிக்கக்கூடாது என்றுவிட்டார். நேசையன் சார் டச்சஸின் பக்கத்தில் நின்று கொடியசைப்பார். விடத் தெரியாததும் தெரியாது, கோணலும் தெரியாது. சரோஜத்திடம் சொன்னபோது, அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல், அவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன என்றாள். சொன்னால் சிரிப்பார்கள், ஒருநாள் சிரித்து முடிப்பார்கள் என்றாள். நேசையன் அதற்குள் பட்டையை மாட்டிக்கொண்டு ஹாலில் நொண்டிப் பழகிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்க வைத்தார். சபை கமிட்டியில் இருக்கிற மனிதர் என்பதால் தானாகப் போகவில்லை. பால்பாண்டியைக் கூட்டிக்கொண்டு போய், தான் சாலையின் எதிர்ப்பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர் போல நின்றுகொண்டார். தேங்காய் சிதறும் சத்தம் கேட்டதும், கண்ணை மூடாமலே ஒரு ஆமென் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கவடியாரில் சொசைட்டி முழு வேஷத்தில் கூடியது. கிரீஷ் தட்டைத் தொப்பியும் தோள்வார் கால்சட்டையும் போட்டிருந்தார். புழுக்கத்தில் மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது. அனூப் கழுத்தில் வில் மாதிரி டை கட்டி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சாலையின் இடது ஓரத்தில் ஓண ஊர்வலத்துக்கு வந்த செண்டை மேளக்காரர்கள், செண்டையை இறக்கிவைத்துவிட்டு இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். சேனலிலிருந்து காமிராவோடு ஒரு இளைஞன். நேசையன் நொண்டிக்கொண்டு வந்ததும் அனுதாபம் பொங்கியது. ஒருவர் நாற்காலி போட்டார். “சாரே, சூக்ஷிக்கணே” என்று கவனமாக இருக்கச் சொன்னார் இன்னொருவர். முழங்காலுக்கு இவ்வளவு மரியாதை உண்டென்றால் முன்னமே நொண்டியிருக்கலாம் என்று நேசையனுக்குத் தோன்றியது. சரோஜம் ஃபிளாஸ்க்கோடு பின்னால் நின்றாள்.

பிறகு ரைடு ஆரம்பிக்கவேண்டிய நேரம் வந்தது. அப்போதுதான் ஒரு விசேஷம் நடந்தது. அனூப்பின் வண்டியில் ஒரு ஸ்போக் இளகியிருப்பது அந்தச் சமயத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்னொருவருக்கு டயர் சந்தேகம். மற்றொருவருக்குச் செயின். கிரீஷின் வண்டியில் பின்ஹப்பில் ஏதோ சத்தம். அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, வருத்தமாகத் தலையாட்டினார். காமிராக்காரன் நேரம் பார்த்தான். எல்லாருடைய வண்டியும் நோயாளியாகிவிட்டபின், கவடியார் சாலையில் நோயில்லாமல் நின்றது ஒரே ஒரு வண்டி. அதற்கு நோயில்லை, அதன் எஜமானுக்குத்தான் முழங்கால்.

எல்லாரும் டச்சஸைப் பார்த்தார்கள். கிரீஷின் முகத்தில் ஒரு தியாக ஒளி பரவியது.

“சாரே, இத்தற நல்ல வண்டி சும்மா நிக்கயோ? பாவமல்லே. சாருக்கு வேண்டி ஞான் எடுக்காம்.” சாருக்காக அவரே ஓட்டுகிறாராம்.

நேசையனின் வாய் திறந்தது. சொல்லவேண்டிய வாக்கியம் மிகச் சிறியது. அது இடப்பக்கம் இழுக்கும், ஏறாதீர்கள். அவ்வளவுதான். சரோஜம் அவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கழுத்து அந்த வாக்கியத்தை விழுங்குவது அவளுக்குத் தெரிந்தது.

“பதுக்கெ போங்க” என்றார் நேசையன். மெல்லப் போங்கள். கொடியசைத்தார்.

கிரீஷ் சைக்கிள் விடத் தெரிந்தவர். வீட்டில் ஜெர்மன் சைக்கிள் வைத்திருக்கிறார். ஏறியதும் வண்டி இழுக்க, அவர் வலப்பக்கம் உடம்பைச் சாய்த்து, ஒரு மாதிரி ராஜசாய்வில் போனார். அதுதான் க்ரூசர் ஸ்டைல் என்று எண்ணி, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். காமிராக்காரன் கூடவே ஓடினான். கொஞ்ச தூரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நேசையனுக்கே ஒரு நம்பிக்கை வந்தது. பிறகு கிரீஷ், காமிராவைப் பார்த்துக் கையசைப்பதற்காக ஒரு கையை விட்டார்.

டச்சஸ் இடப்பக்கம் திரும்பியது. கிரீஷின் விரல்கள் பிரேக்கைத் தேடி ஹேண்டிலைத் துழாவின. கைப்பிரேக் கூடாது, பெடலைப் பின்னால் மிதித்து நிறுத்துவதுதான் பாரம்பரியம் என்று சொசைட்டிக்கு விதி எழுதியவர் அவரேதான். அந்த நேரத்தில் அவருக்கு அது ஞாபகம் வரவில்லை. வண்டி செண்டைகளுக்குள் புகுந்து, ஒன்றைக் கிழித்து, நடைபாதைக் கல்லில் மோதி நின்றது. கிரீஷ் நிற்கவில்லை. இட்லிக்காரர்களைத் தாண்டிப் போய் விழுந்தார்.

நேசையன் ஓடினார். நொண்டாமல், அந்த வயதுக்கு வியக்கத்தக்க வேகத்தில் ஓடினார். முழங்கால் பட்டை நழுவிக் கணுக்காலில் பழைய சாக்ஸ் மாதிரி தொங்கிக்கொண்டு ஓடியது. கிரீஷைத் தாண்டி டச்சஸிடம் போய், அதைத் தூக்கி நிறுத்தி, டாங்கில் எழுத்தைத் தடவிப் பார்த்தார். ‘பாறசாலா’வில் கடைசி எழுத்து உரிந்திருந்தது. நிமிர்ந்தபோது எல்லாரும் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிரீஷிடம் போனவள் சரோஜம். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஒடிந்திருந்தது. செண்டைக்காரர் ஒருவரின் துண்டை வாங்கித் தூளி கட்டினாள். கட்டிக்கொண்டே, வீட்டில் பேசுவதுபோல, யாரையும் மாட்டிவிடும் எண்ணம் இல்லாமல் சொன்னாள்:

“இடத்தோட்டு இழுக்கும்னு நான் அண்ணைக்கே சொன்னனே. கேட்டியளா நீங்க?”

தமிழ் தெரியாது என்று எப்போதும் சொல்லிக்கொள்ளும் அனூப்புக்குக்கூட இது புரிந்தது. அவர் டச்சஸின் பின்னால் போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு நேசையனின் கணுக்காலைப் பார்த்தார்.

“சாரின்றெ முட்டு பேதமாயல்லோ” என்றார். சாரின் முழங்கால் குணமாகிவிட்டதே. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொசைட்டியில் ஒருவர் அவரைச் சார் என்றது அதுவே கடைசி. காமிராக்காரன் விழுந்த செண்டையைப் படமெடுக்க வந்து, “அம்மாவா, ஒந்நு மாறு” என்று அவரை ஒதுங்கச் சொன்னான். அம்மாவன் என்றால் தாய்மாமன்; கதை முடிந்துபோன கிழவர்களை இந்த ஊர் இளைஞர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

சொசைட்டி அவரை நீக்கவில்லை. படித்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். வாட்ஸாப் குழுவில் அவர் இருந்தார். அவர் மட்டும்தான் இருந்தார் என்று சொல்லலாம். கிரீஷுக்கு ஆங்கிலத்தில் ஒரு நீண்ட மன்னிப்பு அனுப்பினார். நீல டிக் வந்தது. காலை வணக்கம் அனுப்பினார். மேகம் மூடிய பொன்முடியின் படம் அனுப்பினார். நீல டிக் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பிறகு ஒருநாள், தெரிந்த ஒருவரின் ஸ்டேட்டஸில், கல்லாற்றில் தண்ணீருக்கு நடுவே பாறைகளின்மேல் க்ரூசர்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார். எல்லாரும் இருந்தார்கள். கிரீஷ் கைக்கட்டோடு. கீழே வேறொரு குழுவின் பெயர் இருந்தது.

ஆனாலும் ஒரு சனிக்கிழமை அவர் டச்சஸை டெம்போவில் ஏற்றிச் சங்குமுகத்துக்குப் போனார். கடலைப் பார்த்து நிறுத்தினார். தனியாக நிற்கிற வண்டியை மிட்டாய்க்காரனுடையது என்று நினைத்து இரண்டு குழந்தைகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. பழம்பொரி வாங்கினார், உண்ணவில்லை. திரும்பிவந்து, சரோஜம் போட்ட சோற்றையும் பாதியில் விட்டு எழுந்தார். அவள் மீதியைப் பூனைக்கு வைத்தாள்.

கடைசியில் டச்சஸைப் பால்பாண்டியிடம் கொண்டுபோனார். பெயிண்ட் போனால் போகட்டும், நேராக்கு என்றார். நேராக்கி என்ன செய்யப்போகிறார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பால்பாண்டி கேஸைப் பற்றவைத்தான். நெருப்பு பட்ட இடத்தில் சிவப்பு கொப்பளித்துப் பொங்கி, தங்க எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு கருகின. வேலை செய்துகொண்டே அவன் ஊர்க்கதை பேசினான். சைக்கிள் வேலை இப்போது குறைந்துவிட்டதாம். கிரீஷ் சார் மட்டும் கை சரியானதும் வருகிறேன் என்றாராம்.

கிரீஷ் எதற்கு இங்கே வருகிறார் என்று நேசையன் கேட்டார்.

“அவருக்கும் நான்தான சார் அடிச்சுக் குடுத்தேன். எல்லாருக்கும் நான்தான். மத்தவங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் தனித்தனியா சொல்லிட்டுப் போனாங்க. கிரீஷ் சார் வண்டி வலத்தோட்டு இழுக்கும். பல்லு டாக்டர் வண்டி ரெண்டு பக்கமும் இழுக்கும். அவங்களுக்கும் தெரியும் சார், அதனாலதான் யாரும் ஏறுறதில்ல. உள்ளதுல உங்களோடதுதான் நேரா இருந்துச்சு.”

நேசையன் ஸ்டூலில் உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய விஷயம் கையில் கிடைத்திருக்கிறது. யாரிடம் சொல்வது? சரோஜத்திடம் சொன்னால் ஆமென்பாள். குழுவில் போட்டால் நீல டிக் வரும்.

பால்பாண்டி கம்பியைக் கொடுத்து நெம்பினான். பலமாகவே நெம்பிவிட்டான். நூல் பிடித்துப் பார்த்தார்கள். இப்போது கட்டைவிரல் மறுபக்கத்தில் நுழைந்தது.

“இனி வலத்தோட்டு இழுக்கும்” என்றான் பால்பாண்டி, ஒரு குறையைத் தீர்த்துவைத்த திருப்தியோடு.

வண்டியை டெம்போவில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். பால்பாண்டி பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, “சார், ஒரு கை குடுங்க சார்” என்று கூப்பிட்டான். நேசையன் சட்டென்று எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார். அவன் கூப்பிட்டது டெம்போ டிரைவரை.